கச்சான் வேற, புழுக்கம் வேற: வெக்கை பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியள்ல பாதிக்கு மேல வெயிலப் பத்தித்தான், நம்மட கிழக்குக் கரையில வாகரையில இருந்து பொத்துவில் வரைக்கும் எல்லாப் பக்கத்தாலயும் ஒரே கதை. அதால காணி, கல்யாணம், கடன் பத்திக் கேட்ட ஆக்களுக்கு அடுத்த இதழ்ல பதில் சொல்லுறன், கோவிக்காதீங்க. இந்தப் பக்கம் முழுக்க வெக்கைக்குத்தான்.

கேள்வி: அக்கா, ஃபோன்ல எப்ப பாத்தாலும் 34 டிகிரி எண்டுதான் காட்டுது. ஆனா சித்திரையில அந்த 34க்கு உசிர் போகுது, மூச்சு விடவும் ஏலாமக் கிடக்கு. ஆடி மாசம் அதே 34க்கு தோலும் கண்ணும்தான் எரியுது, நிழலுக்க நிண்டா சமாளிக்கலாம். இது என்ட மனப்பிரமையா?
(வாசகர், வந்தாறுமூலை)

பதில்: இல்ல தம்பி, உங்கட ஒடம்பு சரியாத்தான் சொல்லுது. நம்மட ஊருக்கு ரெண்டு வெக்கை இருக்கு, ஒண்டுக்குச் செய்யிற வைத்தியம் மத்ததுக்குச் சரிவராது. இத விளங்கிக்கிட்டா கீழ வாற கேள்வி பாதிக்கு நீங்களே பதில் சொல்லிருவீங்க.

முதலாவது புழுக்கம். பங்குனி, சித்திரையில வாறது. ஏப்ரல் 5ல இருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில வரும், அந்த நேரம் காத்தும் ஒழுங்கா வீசாது, ஒரு பக்கம் கடல் மறு பக்கம் வாவி எண்டு இருக்கிறதால ஈரம் எங்கயும் போகாம ஊருக்குள்ளயே நிக்கும். வேர்த்து ஊத்தும், ஆனா காயாது. வேர்வை காயக்குள்ளதான் ஒடம்புச் சூடும் அதோட போகும், சும்மா வடிஞ்சா தண்ணியும் உப்பும்தான் நட்டம், சூடு உள்ளுக்கேயே கிடக்கும். 34 டிகிரிக்கு ஈரப்பதம் 40 வீதம் எண்டா ஒடம்புக்கு 35, 36 மாதிரித்தான் தெரியும், அதே 34க்கு ஈரப்பதம் 70 வீதமாப் போனா 47 கிட்டத் தெரியும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எண்டு ஒரு எச்சரிக்கை விடுறாங்களே, அது இந்த ஒடம்புக்குத் தெரியிற சூட்டத்தான் சொல்லுது. ஃபோன்ல பெரிசாக் காட்டுற நம்பர மட்டும் பாக்காம அதுக்குக் கீழ ஈரப்பதம் எத்தின எண்டும் பாருங்க.

ரெண்டாவது கச்சான். வைகாசிக்குப் பிறகு ஆவணி, புரட்டாசி வரைக்கும் மேற்கால அடிக்கிற காத்து. தென்மேல் பருவக்காத்து இரத்தினபுரிப் பக்கமும் மலைநாட்டுலயும் மழையக் கொட்டித் தீத்துட்டு மலையத் தாண்டி நம்மட பக்கம் வெறுங் காத்தா இறங்குது, இறங்குற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 டிகிரி கிட்ட சூடேறிக்கொண்டே வரும். அங்க வெள்ளம் எண்டு நியூஸ் போற அதே கிழமைதான் இங்க வயல் வரம்பு வெடிச்சுக் கிடக்கும். கச்சானுக்கு வேர்வை உடனே காயும், அதால சூடு அவ்வளவு தெரியாது, ஆனா அதுலதான் ஆபத்து இருக்கு, எத்தின லீட்டர் தண்ணி ஒடம்பால போனது எண்டு உங்களுக்கே தெரியாது, தலையிடி வந்த பிறகுதான் தெரியும்.

இப்ப நடைமுறைக்கு வாங்க. கச்சான் நேரம் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு, ஈரச் சீலை தொங்க விடுறது நல்ல வேலை, வாற காத்து குளிர்ந்து வரும். முத்தத்துக்குத் தண்ணி தெளிச்சாலும் பலன் இருக்கு. அதையே சித்திரைப் புழுக்கத்துல செஞ்சா வீட்டுக்குள்ள ஈரத்தக் கூட்டி இன்னும் அவிச்சலத்தான் வாங்குவீங்க. அந்த நேரம் தேவை காத்தோட்டம், எதிர் எதிர் ஜன்னலத் திறந்து ஃபேனப் போட்டு ஒடம்புல காத்துப் பட விடணும். மறுபக்கம், கச்சான் அடிக்கிற மத்தியானம் மேற்குப் பக்க ஜன்னலத் திறந்து வச்சா சூட்டயும் புழுதியையும் நீங்களே கூப்பிட்டு வீட்டுக்குள்ள இருத்துற மாதிரி, அதச் சாத்திட்டு பின்னேரம் கடல்காத்து வந்த பிறகு கிழக்குப் பக்கத்தத் திறங்க.

கேள்வி: முந்தியும் இதே வெயில்தான், இந்தக் காலத்துப் புள்ளையள்தான் நொய்ஞ்சு போச்சு எண்டு எங்கட மாமா ஒவ்வொரு நாளும் சொல்லுறார். என்ன பதில் சொல்லுறது?
(வாசகி, செங்கலடி)

பதில்: மாமாவுக்கு மரியாதையாச் சொல்லுங்க மகள், முந்தியும் வெயில் இருந்ததுதான், ஆனா இதே வெயில் இல்ல. உலகத்துல அளந்து வச்ச காலத்துக்குள்ள ஆகச் சூடான வருசம் 2024, 1850 – 1900 காலத்தோட பாத்தா ஒண்டரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல. ஒண்டரை டிகிரி எண்டா சின்னதாத் தெரியும், ஆனா அது பூமி முழுக்கச் சராசரி, அந்தச் சராசரி கொஞ்சம் ஏறினாலே கொடூர வெயில் நாளுகள் கன மடங்கு கூடிரும்.

இன்னொண்டும் கேளுங்க. மாமா சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள எந்த மாதிரி வீட்டுல படுத்தவர்? கிடுகோ இலுக்கோ வேய்ஞ்ச கூரை, தலை குனிஞ்சு போற அளவுக்குத் தாழ்வாரம், சாணி மெழுகின நிலம், முத்தத்துல வேம்பும் பூவரசும், இரவைக்கு வெளிய பாய். அந்த வீட்டுக்குள்ள பகல் சூடு தங்கவே தங்காது. இப்ப கல்லு மதில், சீமெந்து நிலம், மேல அஸ்பெஸ்டஸ் சீட்டு, முத்தத்துல மரத்த வெட்டிட்டு இன்டர்லொக் கல். பகல் முழுக்கக் குடிச்ச சூட்ட அந்தச் சுவர் இரவு ரெண்டு மணி வரைக்கும் கக்கும். இரவுல ஒடம்பு ஆறினாத்தான் அடுத்த நாள் வெயிலத் தாங்கும், இரவும் ஆறல்லையெண்டா மூண்டாம் நாள்தான் ஆக்கள் விழுறது. மாமா தாங்கினதுல பாதிக் காரணம் அந்த வீடுதான்.

கேள்வி: எங்கட வீடு தகரக் கூரை அக்கா. மத்தியானம் புள்ளையள் ரெண்டயும் கொண்டு மாமரத்தடிக்குப் போயிருவன், இரவுல எங்க போற? சீலிங் அடிக்கக் காசில்ல. ஏதும் வழி சொல்லுங்க.
(ஒரு தாய், கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

பதில்: தங்கச்சி, பன்னெண்டு மணிக்கு அந்தத் தகரத்துக்குக் கீழ கையத் தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, தொடாமலே உள்ளங்கை சுடும். உங்கட புள்ளையள்ற தலைக்கு மேல நாள் முழுக்க எரியிறது அதுதான், அதால முதல்ல கை வைக்க வேண்டியதும் கூரையிலதான்.

ஆகச் சிலவு குறைஞ்ச வழி வெள்ளையடிக்கிறது. சுவருக்கு இல்ல, கூரைக்கு மேல. இந்தியாவுல அகமதாபாத் நகரத்துல 2010 மே மாசம் வந்த வெக்கை அலையில, வழமையா அந்த மாசம் சாகிற ஆக்கள விட 1,344 பேர் கூடச் செத்தாங்க. அதுக்குப் பிறகு 2013ல அந்த நகரம் ஒரு வெப்பச் செயற்திட்டம் போட்டுது, தெற்காசியாவுல அதுதான் முதலாவது. எச்சரிக்கை, ஆஸ்பத்திரி ஆயத்தம், தண்ணி எல்லாத்தோடயும் பிறகு ஏழை ஆக்கள்ற வீட்டுக் கூரைக்கு வெள்ளையடிக்கிறதயும் சேத்தாங்க. வெள்ளைக் கூரை வெயிலத் திருப்பி அனுப்பிரும், வீட்டுக்குள்ள 2ல இருந்து 5 டிகிரி வரைக்கும் குறையும். நீத்துன சுண்ணாம்ப நல்லா வடிச்சு, மழைக்குக் கழுவுப்படாம இருக்க பெயின்ட்காரர் பாவிக்கிற பசை கொஞ்சம் கலந்து, ரெண்டு தரம் அடிங்க. விடிய வெள்ளன அடிக்கணும், சூடேறின தகரத்துல அடிச்சா உடனே காஞ்சு உதிரும். தகரத்துல ஏறி நடக்க வேணாம், பலகை போட்டு அதுல நிண்டு அடிக்கச் சொல்லுங்க. மாரி மழையில கொஞ்சம் போகும், தைக்குப் பிறகு திருப்பி ஒரு தரம்.

அஸ்பெஸ்டஸ் சீட்டு வீட்டுக்காரர் இத வாசிச்சா ஒரு விசயம் கட்டாயம் கவனிங்க. பாசி போகணும் எண்டு காஞ்ச சீட்ட வயர் பிரஷ்ஷால உரசவே வேணாம், அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனா கன வருசம் கழிச்சுப் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். தண்ணி ஊத்தி நனைச்சிட்டு அப்படியே மேல அடிங்க.

சுண்ணாம்பும் ஏலாதெண்டா தகரத்துக்கு மேல கிடுகப் பரப்பிக் கட்டுங்க, தென்னை இருக்கிற ஊர்ல அது கைக்கெட்டுற சாமான்தான். அடுப்படிப் பக்கம் மட்டும் விட்டுருங்க, நெருப்புக்குப் பயம். உள்ளுக்க பழைய உரப்பையக் கழுவித் தைச்சு கூரையில இருந்து ஒரு முழம் கீழ இறக்கிக் கட்டினா அதுவும் சீலிங்தான், ஆனா அந்த இடைவெளியால சூட்டுக் காத்து வெளியே போக ரெண்டு முகட்டுப் பக்கமும் ஓட்டை இருக்கணும், இல்லையெண்டா சூடு அங்கயே அடைபட்டுக் கிடந்து இரவைக்கு இறங்கும். சுரைக்கொடி, பாகல்கொடி ஏத்தி விட்ட கூரையும் நான் மண்முனைப் பக்கம் பாத்திருக்கன், கச்சானுக்கு அந்த வீட்டுக்குள்ள போனா வித்தியாசம் வாசல்லயே தெரியும்.

இரவுல வெளிய படுக்கிறது நல்லது, முந்தி எல்லாரும் அப்படித்தான் படுத்தாங்க. நுளம்பு வலை இல்லாம மட்டும் படுக்க விடாதீங்க, மட்டக்களப்புல டெங்கு சும்மா விடாது.

கேள்வி: என்ட கணவர் கல்முனையில மேசன் வேலை. வெயில்ல நிண்டுட்டு வந்தா தலையிடி, சத்தி, ஒண்ணுக்குப் போனா தேத்தண்ணி நிறம் எண்டு சொல்றார். வேலைய விடவும் ஏலாது. என்ன செய்யிற கா?
(வாசகி, பாண்டிருப்பு)

பதில்: அந்த தேத்தண்ணி நிறத்தச் சின்ன விசயமா எடுக்காதீங்க தங்கச்சி. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தமும் சிறுநீரும் செக் பண்ணிருங்க, கிட்னி எப்படி இருக்கு எண்டு தெரியணும். மத்திய அமெரிக்காவுல கரும்புத் தோட்டத்துல வெயில்ல வேலை செஞ்ச வாலிபப் பொடியன்மார் ஆயிரக்கணக்குல கிட்னி நோயால செத்திருக்காங்க, நாளாந்தம் ஒடம்பு சூடேறித் தண்ணி வத்துறத அதுக்கு ஒரு பெரிய காரணமாப் பாக்கிறாங்க. அங்க சில தோட்டங்கள்ல தண்ணி, ஓய்வு, நிழல் இந்த மூண்டயும் ஒழுங்காக் குடுத்த பிறகு நோய் குறைஞ்சது.

விடாய் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டா பிந்திப் போயிரும். வெயில்ல வேலை செய்யிற ஆள் 15, 20 நிமிசத்துக்கு ஒரு தரம் ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கணும், ஒரேயடியா ஒரு போத்தல் குடிக்கிறது சரி இல்ல, மணித்தியாலத்துக்கு ஒண்டரை லீட்டருக்கு மேலயும் போக வேணாம். வேர்வையோட உப்பும் போறதால பத்து மணிக்கு உப்புப் போட்ட கஞ்சி, இல்லையெண்டா மோர், தேசிக்காயும் உப்பும் போட்ட தண்ணி குடுத்து விடுங்க. பிளேன்டீயும் சோடாவும் மட்டும் குடிச்சு வேலை செய்யிற பழக்கம் நம்மட மேசன்மாருக்கு இருக்கு, அது பத்தாது. இரவுல சாராயம் எடுக்கிற ஆள் எண்டா அடுத்த நாள் வெயில் ரெண்டு மடங்கு அடிக்கும்.

புது ஆள வேலைக்கு எடுக்கிற பாஸ்மாரும் இத வாசிக்கணும். வெயில்ல விழுந்து சாகிற தொழிலாளிமார்ல பாதிக்கு மேல வேலைக்கு வந்த முதல் சில நாளுக்குள்ளதான் விழுறாங்க. ஒடம்பு வெயிலுக்குப் பழக ஒரு கிழமையில இருந்து ரெண்டு கிழமை வேணும், முதல் நாளே ஃபுல் வேலை குடுக்காதீங்க.

பிறகு நேரம். கட்டாருக்குப் போய் வந்த தம்பிமாரக் கேட்டுப் பாருங்க, அங்க ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் விடிய 10 மணியில இருந்து பின்னேரம் மூண்டரை வரைக்கும் வெளி வேலை சட்டப்படி தடை. நம்மட ஆக்கள் வேற நாட்டுல போய் அந்தப் பாதுகாப்போட வேலை செய்யிறாங்க, சொந்த ஊர்ல வீடு கட்டக்குள்ள நட்ட நடு வெயில்ல கொங்கிரீட் போடுறாங்க, எனக்கு இது சரியான கவலை. விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிப்பாட்டி, மூண்டரைக்குத் திருப்பித் தொடங்கினா அதே எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். மீன்பிடிக்கிற ஆக்களும் வயல்காரரும் காலங்காலமா அப்படித்தான் செய்யிறாங்க. வீட்டுக்காரர் சம்மதிச்சா பாஸும் சம்மதிப்பார், அதால வீடு கட்டுற ஆக்கள்தான் முதல்ல இதக் கேக்கணும்.

கேள்வி: நாலு மாசக் குழந்தைக்கு வெயிலுக்குத் தண்ணி குடுக்கலாமா? அம்மம்மா குடு குடு எண்டு நிக்கிறா.
(வாசகி, கல்லடி)

பதில்: வேணாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், வெயில் நாளையில அடிக்கடி குடுங்க. தண்ணிய நீங்க குடிங்க.

கேள்வி: உம்மாவுக்கு 78 வயசு அக்கா. நாங்க வேலைக்குப் போனா பகல் முழுக்கத் தனிய. கரண்ட் பில் கூடும் எண்டு ஃபேன் போடமாட்டா, தண்ணி குடிங்க எண்டா விடாய் இல்ல எண்டுறா. பிரஷர் மாத்திரையும் எடுக்கிறா.
(வாசகர், ஏறாவூர்)

பதில்: வந்த கேள்வியள்ல என்ன ஆகக் கூட யோசிக்க வச்சது இதுதான் தம்பி. உம்மா பொய் சொல்லல, வயசு போகப் போக விடாய் தெரியிறது மழுங்கும், ஒடம்புல தண்ணி குறைஞ்சிருந்தாலும் வாய் கேக்காது. வேர்க்கிறதும் குறையும். பிரஷருக்குக் குடுக்கிற மாத்திரையில சிலது ஒண்ணுக்குக் கூடப் போக வைக்கும், சிலது இதயம் வேகமா அடிக்கிறதத் தடுக்கும், ரெண்டுமே வெக்கைக்குப் பாரம். அதுக்காக மாத்திரைய நிப்பாட்டிராதீங்க, கிளினிக்குக்குப் போகக்குள்ள டொக்டர்ட்ட வெயில் காலத்து டோஸ் பத்திக் கேளுங்க. இதயமோ கிட்னியோ பலவீனம் எண்டு தண்ணி அளவு கட்டுப்படுத்தின ஆக்களும் அவரைக் கேட்டுத்தான் கூட்டணும்.

1995 ஜூலையில அமெரிக்காவுல சிக்காகோ நகரத்துல ஒரு கிழமைக்குள்ள 700க்கு மேல ஆக்கள் வெக்கையால செத்தாங்க. ஆர் செத்தது எண்டு பிறகு ஆராய்ஞ்சு பாத்தா கனபேர் தனிய இருந்த வயசாளிகள். கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி, ஒருத்தரும் வந்து பாக்காம. ஒரே அளவு ஏழ்மை, ஒரே வெயில், ஆனா ஆக்கள் வாசல்ல இருந்து கதைச்சு, கடைத்தெருவுல ஒருத்தரை ஒருத்தர் காணுற ஏரியாவுல சாவு நல்லாக் குறைவு. எனக்கு இந்தக் கதை நெஞ்சுக்குள்ளயே நிக்குது, ஏனெண்டா நம்மட ஊரும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம்தான் போகுது. புள்ளையள் கட்டார்ல, கனடாவுல, கொழும்புல, வீட்டுல வயசானவங்க தனிய, மதில் உயரம் கூடிப் போச்சு, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாக்க வழியில்ல.

உம்மாவுக்கு இப்படிச் செய்யுங்க. விடிய நீங்க வெளிக்கிட முதல் ரெண்டு போத்தல் தண்ணிய அவ இருக்கிற இடத்துல கண்ணுக்கு முன்னால வைங்க, பின்னேரம் வரக்குள்ள ரெண்டும் வெறுமனா இருக்கணும் எண்டு சொல்லுங்க. ஒவ்வொரு பாங்குக்கும் ஒரு கிளாஸ் எண்டு பழக்கினா மறக்க மாட்டா. தண்ணி வெறுப்பெண்டா இளநீர், வத்தகப்பழம், வெள்ளரிப்பழம், கஞ்சி எல்லாம் தண்ணிக் கணக்குத்தான், சீனி வருத்தம் இருந்தா பழத்த அளவோட. ஃபேன் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் பெரிய பில் வராது, அவக்கு அந்தக் கணக்கக் காட்டுங்க. ஒடம்புல ஈரத் துணியால துடைச்சிட்டு ஃபேனுக்கு முன்னால இருந்தா இன்னும் நல்லம். 40 டிகிரிக்கு மேல போனா ஃபேன் சூட்டத்தான் அடிக்கும், நம்மட கரையில அப்படி நாள் அருமை.

மத்தியானம் ஒண்டுக்கும் மூண்டுக்கும் இடையில ஒரு ஆள் நேர போய்ப் பாக்கணும், ஃபோன் மட்டும் பத்தாது, குரல் சரியா இருந்தாலும் ஆள் சோர்ந்து கிடப்பாங்க. பள்ளிவாசல் வாலிபர்கள், கோயில் இளைஞர் மன்றம், மாதர் சங்கம், ஆர் செஞ்சாலும் சரி, ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவுலயும் தனிய இருக்கிற வயசாளிகள், படுக்கையில இருக்கிற ஆக்கள், கர்ப்பிணிகள் இருக்கிற வீடுகளக் குறிச்சு, வெயில் எச்சரிக்கை வந்த நாள்ல ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் எண்டு போய்ப் பாத்தா அதுக்குக் காசே தேவையில்ல. சுனாமிக்குப் பிறகு ஆர்ட வீட்டுல ஆர் இருக்கிறா எண்டு ஊருக்கே மனப்பாடமாத் தெரிஞ்சிருந்தது. வெயிலுக்கும் அந்தக் கணக்கு வேணும்.

கேள்வி: ஏசி வாங்குவமா வேணாமா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: வீட்டுல நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தா, பில்லும் கட்ட ஏலுமெண்டா வாங்குங்க. 18ல போடாம 27ல வச்சு ஃபேனையும் போட்டா காணும், ஒடம்புக்கு இன்னும் நாலு டிகிரி குறைவாத் தெரியும், கரண்டும் மிச்சம். அதோட ஏசி வெளிய தள்ளுற சூடு பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அடிக்காத மாதிரிப் பூட்டுங்க.

கேள்வி: பள்ளிக்கூடத்துல இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிக்குப் பிரக்டிஸ் நடக்குது. ஓடின புள்ள வெயில்ல விழுந்தா டீச்சர்மார் நாங்க முதல்ல என்ன செய்யணும்?
(ஆசிரியை, திருக்கோவில்)

பதில்: டீச்சர், விழுந்த புள்ளையோட கதைச்சுப் பாருங்க. களைப்பு, தலைச்சுத்து, கால் கெண்டை பிடிக்குது, ஆனா ஒழுங்காப் பதில் சொல்லுது எண்டா நிழலுக்குக் கொண்டு போய்ப் படுக்க வச்சு, காலக் கொஞ்சம் உயர்த்தி, ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற உப்புச் சீனித் தூள்) கரைச்சுக் குடுங்க. ஜீவனி இல்லையெண்டா ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணிக்கு சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ரெண்டும் தலை தட்டி.

புள்ள மாறிக் கதைக்குது, ஆக்கள அடையாளம் தெரியல, தள்ளாடுது, வலிப்பு வருது, மயங்கிட்டுது, ஒடம்பு நெருப்பாச் சுடுது எண்டா அது ஹீட் ஸ்ட்ரோக். உள் ஒடம்புச் சூடு 40ஐத் தாண்டிட்டு எண்டு அர்த்தம், மூளை அவியுது, நிமிசக் கணக்கு. ஓடின புள்ளைக்கு வேர்வை இருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் வரும், தோல் காஞ்சிருந்தாத்தான் எண்டு நினைச்சு நிக்காதீங்க. ஒரு ஆள் அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிக்கணும், அதே நேரம் மத்த ஆக்கள் குளிர வைக்கணும், அம்புலன்ஸ் வரட்டும் எண்டு காத்திருக்கவே கூடாது. உடுப்பத் தளர்த்தி, தலையில இருந்து கால் வரைக்கும் வாளி வாளியாத் தண்ணி ஊத்துங்க, மட்டையாலயோ ஃபைலாலயோ விசுக்குங்க, ஐஸ் கிடைச்சா சீலையில சுத்தி கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்குல வைங்க. பெரிய தொட்டி இருந்தா தலையப் பிடிச்சுக்கொண்டு தண்ணிக்குள்ள இறக்கினாலும் சரி. மயங்கின புள்ளைட வாய்ல தண்ணி ஊத்த வேணாம், மூச்சுக் குழலுக்குப் போயிரும். பனடோலும் குடுக்க வேணாம், இது காச்சல் இல்ல.

ஆனா புள்ள விழ முதலே செய்யக்கூடிய வேலைதான் பெரிசு. 2024ல கல்வி அமைச்சே வெயில் நேரத்துல புள்ளையள வெளி விளையாட்டுல விட வேணாம் எண்டு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பினது. மரதன் ஓட்டத்த விடிய ஆறு மணிக்கு வைங்க. அணிநடைக்கு எண்டு ஒரு மணித்தியாலமா புள்ளையள வெயில்ல நிப்பாட்டிட்டு, பந்தலுக்குள்ள இருந்து பேச்சு நீட்டுறத தயவுசெஞ்சு குறைங்க. போன கிழமை காச்சல், வயித்தோட்டம் வந்த புள்ளைய ஓட விடவே வேணாம்.

கேள்வி: சிறுபோகத்துல நெல் பூக்கிற நேரம் கச்சான் அடிச்சுப் பதர் கூடுது. வெயிலாலயா, தண்ணி குறைவாலயா?
(விவசாயி, சம்மாந்துறை)

பதில்: ரெண்டும் சேர்ந்துதான் ஐயா. நெல் விடிய ஒம்பதுக்கும் பன்னெண்டுக்கும் இடையில பூக்கும், அந்த நேரம் 35 டிகிரிக்கு மேல போனா மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. கச்சான் நேரம் அதோட சேத்து கதிர்ட ஈரத்தயும் காத்து உறிஞ்சிரும், ஜப்பான்லயும் இதே மாதிரி மலை தாண்டி இறங்குற சூட்டுக் காத்துக்குக் கதிர் வெள்ளையாப் போறது உண்டு. பூக்கிற கிழமைக்கு வயல்ல தண்ணி நிக்கணும், வேருக்குத் தண்ணி இருந்தா பயிரும் தன்னக் குளிர வச்சுக்கும். அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாளுக்கு முந்தி பூக்கும் எண்டு பின்னால எண்ணிப் பாத்து, கச்சான் கடுமையா அடிக்கிற கிழமையில பூக்காத மாதிரி, மூண்டரை மாச நெல்லா, மூண்டு மாசமா, ரெண்டரை மாசமா எண்டு தெரிவு செய்யலாம். ஆனா நீங்க ஒராள் மாத்தி ஒண்டும் ஆகாது, குளத்துத் தண்ணி எல்லாருக்கும் ஒரே நாள்தான் திறக்கிறது, அதால பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துல வட்டை ஆக்கள் எல்லாரும் சேர்ந்து விதைப்புத் திகதிய முந்தப் போடச் சொல்லிக் கேளுங்க. வரம்புல மேற்குப் பக்கம் மரம் நடுறதும் பலன் தரும், அது வருசக் கணக்கு வேலை.

கேள்வி: கண்ணகி அம்மன் குளிர்த்திக்கும் கதிர்காமப் பாதயாத்திரைக்கும் எங்கட கழகம் தண்ணீர்ப்பந்தல் போடுறம். இந்த முறை வெயிலுக்கு ஏத்த மாதிரி என்ன கூடச் செய்யலாம்?
(இளைஞர் கழகம், காரைதீவு)

பதில்: நல்ல கேள்வி தம்பிமாரே. வைகாசிச் சடங்குல அம்மன்ட கோவத்த ஆத்தக் குளிர்த்தி பாடுற ஊர்ல, வெயில்ல வாற ஆக்கள்ட ஒடம்ப ஆத்துறதும் சடங்குல ஒரு பங்கு எண்டுதான் நான் நினைக்கிறன். சர்க்கரைத் தண்ணியோட நிப்பாட்டாம, உப்பும் தேசிக்காயும் போட்ட மோர் ஒரு பானை வைங்க, நடந்து வாற ஆக்களுக்கு அதுதான் தேவை. தண்ணி கொதிச்சாறினதா, இல்லையெண்டா குளோரின் போட்டதா இருக்கணும், ஆக்கள் கோப்பைய விட்டு முக்கி எடுக்கிற மாதிரி வைக்காம பைப் பூட்டின பீப்பாயில வைங்க, இல்லையெண்டா வெயிலுக்குத் தப்பினவங்க வயித்தோட்டத்துல விழுவாங்க.

பந்தல மேற்குப் பக்கம் கிடுகால மறைச்சு கிழக்க திறந்து விடுங்க. இருக்க வாங்கு போடுங்க, குடிச்சிட்டு நடக்கிறத விட பத்து நிமிசம் நிழல்ல இருந்துட்டுப் போறதுலதான் ஒடம்பு ஆறும். வெறுங்காலோட வாற அடியார்களுக்கு தார் ரோட்டு ஓரம் மணல் பரப்பித் தண்ணி ஊத்தி வைங்க, மத்தியானத் தார்ல பாதம் கொப்பளிச்சு, வழியில இருக்கிற உகந்தை முருகன் கோயிலுக்குப் போக முதலே நடக்க ஏலாமப் போன ஆக்கள் இருக்கிறாங்க. ஒரு வாளி தண்ணியும் துவாயும், தலைய நனைச்சிட்டுப் போகட்டும். முதியவங்க, கர்ப்பிணிகள் வந்தா மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூண்டு வரைக்கும் போக விடாம மறிச்சு இருத்துங்க. பந்தல்ல 1990 நம்பர பெரிசா எழுதித் தொங்க விடுங்க.

கேள்வி: எங்கட வீட்டுல ஃப்ரிஜ் இல்ல. இன்சுலின பக்கத்து வீட்டுல வைக்கிறம், கரண்ட் போனா பயமாக் கிடக்கு. மண்பானையில வைக்கலாமா?
(வாசகர், வெல்லாவெளி)

பதில்: வைக்கலாம். ஒரு பெரிய மண்பானைக்குள்ள சின்னப் பானைய வச்சு, ரெண்டுக்கும் இடையில மணல் போட்டு, மணல எப்பவும் ஈரமா வச்சிருங்க, மேல ஈரச் சீலை. மருந்த மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போட்டு உள் பானையில வைங்க, தண்ணி படக்கூடாது. பானைய நிழல்ல, காத்துப் படுற இடத்துல வைக்கணும், அடுப்படியில வேணாம். கச்சான் நேரம் இது நல்லாக் குளிரும், சித்திரைப் புழுக்கத்துல தண்ணி காயாததால அவ்வளவு குளிராது, அந்த மாசங்கள்ல மட்டும் மேலதிகக் குப்பிகள பக்கத்து வீட்டு ஃப்ரிஜ்லயே விட்டுட்டு பாவிக்கிற ஒண்ட மட்டும் பானையில வைங்க. கென்யாவுல ஒரு அகதி முகாம் வீடுகள்ல 25க்கும் 37 டிகிரிக்கும் இடையில ஏறி இறங்கின சூட்ட அளந்து, அதே சூட்டுல இன்சுலின நாலு கிழமை வச்சுச் சோதிச்சதுல பலம் குறையல எண்டு எல்லைகள் அற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021ல வெளியிட்டிருக்காங்க, அதால கரண்ட் ரெண்டு மணித்தியாலம் போனதுக்குப் பயப்பட வேணாம். கிளினிக்ல ஒரு தரம் சொல்லி வைங்க, சீனி அளவு காரணமில்லாம ஏறினா குப்பிய மாத்துங்க. வெயில்ல நிக்கிற ஆட்டோவுக்குள்ள விட்டுட்டுப் போக வேணாம். ஃப்ரீஸருக்குள்ளயும் வைக்க வேணாம், ஒரு தரம் உறைஞ்ச இன்சுலின் இளகினாலும் பாவிக்க ஏலாது.